ஜோடி இல்லை

சிலிம் ரிவரில் திங்கட்கிழமை அடகுக்கடைக்குத்
தங்கம்தான் வரும்.
சங்கிலி, தோடு, ஒருமுறை பல்.
அன்று பள்ளி வேன் ஓட்டும் யோகாம்பிகை
மைலோ டின்னுக்குள் பஞ்சு வைத்து
ஒரு கடிகாரம் கொண்டுவந்தார்.

கம்பிக்கு இந்தப்பக்கம் நான்.
எடை போடுவதும் சீட்டு எழுதுவதும் என் வேலை.
தராசில் வைக்கப் போனேன்.
"வைக்காதே" என்றார் தௌக்கே லியோங்,
நாற்காலியை விட்டு எழுந்து.
பதினாறு வருஷத்தில் அவர் யாருக்கும் எழுந்ததில்லை.

விளிம்பு முழுக்க முத்து.
லென்ஸில் பார்த்தால் எல்லாம் பாதி முத்து,
நறுக்கி, தட்டைப்பக்கம் உள்ளே போகப் பதித்தது.
நடுவில் எனாமலில் ஓர் ஏரி,
கரையில் ஒரு பெண், கையில் கூண்டு.
இடப்பக்கம் பார்த்துச் சிரிக்கிறாள்.
அங்கே யாரும் இல்லை.

பக்கவாட்டு முளையைத் தள்ளினார் தௌக்கே.
அருவி ஓடியது.
தண்ணீர் எங்கே, முறுக்கிய கண்ணாடிக் குச்சி ஒன்று
நின்ற இடத்தில் சுற்றுகிறது.
பறவை மூன்று முறை குனிந்தது.
எஃகுச் சீப்பை யாரோ நகத்தால் நெருடுவதுபோல்
ஒரு பாட்டு.
சீப்பில் ஒரு பல் உடைந்திருக்க வேண்டும்,
அந்த இடம் வந்ததும்
பாட்டு சாக்கடை தாண்டுவதுபோல் தாண்டியது.

தௌக்கே தமிழிலேயே சொன்னார்:
"சுவிஸ்காரன் வேலை. சீனப் பணக்காரனுக்கென்றே செய்தது.
பனி மூடிய மலையூரில் உட்கார்ந்து செய்வான்.
கேன்டன் எந்தத் திசை என்றுகூட அவனுக்குத் தெரியாது."
செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்கு
எந்த ஊர்ச் சோப்பில் நுரைக்கப்போகிறதென்று தெரியுமா,
நான் நினைத்தேன், சொல்லவில்லை.
"வாங்குகிறவன் ஒன்று கேட்கமாட்டான். இரண்டு கேட்பான்.
ஒன்றில் பெண் இடப்பக்கம் பார்த்தால்
மற்றதில் வலப்பக்கம்."
லென்ஸைக் கழற்றித் துடைத்தார்.
"ஒன்று மட்டும் என்றால் கால் விலை."

முதல் பெண் எளிதாக வந்திருப்பாள்.
இரண்டாமவளைத் திருப்பி வரைகையில்
கை பழைய பக்கமே போயிருக்கும்,
விளக்கில் எண்ணெய் தீர்ந்திருக்கும்,
சிரிப்பு ஒரு மயிரிழை கூடியோ குறைந்தோ
சூளைக்குள் போயிருக்கும்.

யோகாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது.
"மற்றது எங்கண்ணன் குணாளன்கிட்ட. ஸ்கூடாய்ல."
அப்பா சியா தௌக்கேயிடம் கார் ஓட்டினாராம்.
தோட்டம் கைமாறிய வருஷம்
பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக இந்த இரண்டும்.
கருமாதி முடிந்த மத்தியானமே பிரித்தாயிற்று,
ஆளுக்கு ஒன்று, நியாயமாக.
அதிலிருந்து பதினோரு வருஷம் பேச்சில்லை.

"கால் விலையா?"
இன்னொரு தரம் கேட்டார்.
கேட்டுவிட்டுப் போனை எடுத்து
பெயரைத் தேடாமல் எண்களை அழுத்தினார்.
ஹலோ என்றது ஆண் குரல்.
ஹலோ, யாரு?
இவர் பேசவில்லை. முளையைத் தள்ளிக்
கடிகாரத்தைப் போனருகே பிடித்தார்.

அருவி. பறவை.
பாட்டு, பல் இல்லாத இடம், மறுபடி பாட்டு.
வெளியே செம்பனை லாரி ஒன்று
பழம் சிந்திக்கொண்டு வளைவில் திரும்பியது.
அங்கிருந்து ஒரு சொல் இல்லை.

பிறகு
ஒரு டிராயர் இழுபடும் சத்தம்.
இன்னொன்று.
இரும்பு அலமாரி.
"ஏய், அந்தச் சின்னச் சாவி எங்க?"
தூரத்தில் யாரிடமோ.

யோகாம்பிகை போனை அணைக்கவில்லை,
காதிலும் வைக்கவில்லை.
மேசைமேல் மல்லாக்கப் போட்டுவிட்டு
"எழுதும்மா, வேனுக்கு ரோட் டேக்ஸ் கட்டணும்" என்றார்.

எழுதினேன்.
பாக்கெட் கடிகாரம் ஒன்று. பழையது. பாட்டு உண்டு.
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. ஆறு மாதம்.
ஜோடி இல்லை என்றும் சேர்த்துக்கொள் என்றார் தௌக்கே.
பேனாவை எடுத்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்.
போனுக்குள் இன்னும்
டிராயர்கள் திறந்துகொண்டிருந்தன.